ஊக்கமருந்தை அனுமதித்துவிட்டால் என்ன?

23 மே 2025, கேள்வி

லாஸ் வேகாஸில் அடுத்த வருடம் மே மாதம் 'என்ஹான்ஸ்ட் கேம்ஸ்' நடத்தப் போகிறார்களாம். ஊக்கமருந்து போட்டுக்கொண்டு தாராளமாக ஓடலாம், நீந்தலாம், தூக்கலாம். எனக்கு இதில் தப்பே தெரியவில்லை. இப்போதும் எல்லாரும் போடத்தான் செய்கிறார்கள், மாட்டிக்கொள்கிறவன் மட்டும் திருடன். டாக்டர் மேற்பார்வையில் வெளிப்படையாக அனுமதித்துவிட்டால் ஏமாற்று வேலையும் போகும், ஆட்டமும் சமமாகும். வேண்டாம் என்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள். 'விளையாட்டின் புனிதம்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

23 மே, இரவு

புனிதமெல்லாம் பேசப் போவதில்லை தம்பி. வேலூர்ப் பக்கம் பளுதூக்கும் கூடத்தில் வளர்ந்தவன் நான், அங்கே புனிதம் என்ற சரக்கு கிடையாது.

"எல்லாரும் போடுகிறார்கள்" என்றதும் எனக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்தான் ஞாபகம் வந்தது. ஆண்கள் 94 கிலோ பிரிவு. கஜகஸ்தானின் இலியா இலின் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். மாதிரிகளைப் பத்திரமாக வைத்திருந்து, சில வருடம் கழித்துப் புதிய முறையில் சோதித்தார்கள். இலின் போனார். வெள்ளி போனது, வெண்கலம் போனது, நான்காவது ஆளும் போனார். ஐந்தாவது வந்த ஈரானின் சயீத் முகமத்பூருக்குத் தங்கம். ஆறாவதும் ஏழாவதும் போனதால், எட்டாவது வந்த கொரியாவின் கிம் மின் ஜேவுக்கு வெள்ளி. ஒன்பதாவது வந்த போலந்தின் தோமாஷ் ஜெலின்ஸ்கிக்கு வெண்கலம். இந்த ஜெலின்ஸ்கி யார் தெரியுமா? 2016 ரியோவுக்குப் போய், நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டில் மாட்டி, பார்பெல்லைத் தொடாமலே ஊர் திரும்பியவர்.

ஆக, உங்கள் கேள்வி நியாயமானது. பதில் மட்டும் எனக்கு 'வேண்டாம்' என்பதுதான். காரணம் ஒரே மூச்சில் வராது, நாளை ஷிஃப்ட் வேறு இருக்கிறது.

24 மே

பென் ஜான்சனை இன்னும் யாரும் இழுக்கவில்லையே என்று பார்த்தேன், இழுத்துவிட்டார்கள். 1988 சோல் ஒலிம்பிக் 100 மீட்டர், 9.79 நொடி, ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு, பதக்கம் பறிப்பு. சரி. தங்கம் கைமாறிக் கிடைத்த கார்ல் லூயிஸ் அதே வருடம் அமெரிக்கத் தகுதிப் போட்டியில் தூண்டுபொருள் சோதனையில் சிக்கி, தெரியாமல் நடந்தது என்று விடப்பட்டவர். வெள்ளி வாங்கிய லின்ஃபோர்ட் கிறிஸ்டி 1999இல் நாண்ட்ரோலோனில் மாட்டினார். ஜான்சனை மட்டும் வில்லனாக்கும் கதை எனக்கு ஒட்டுவதில்லை. அதற்காக அவரைத் தியாகி ஆக்கவும் வேண்டாம்.

25 மே

இன்று விடுமுறை, விரிவாகவே எழுதுகிறேன்.

'டாக்டர் மேற்பார்வையில் ஓர் எல்லை வைத்து அனுமதிக்கலாம்' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜூலியன் சவுலெஸ்கு என்ற தத்துவப் பேராசிரியரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதைச் சைக்கிள் பந்தயத்தில் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள்.

ஈபிஓ என்று ஒரு ஹார்மோன். சிவப்பணுக்களைக் கூட்டும், கூடவே ஆக்ஸிஜன் கூடும், மலையேற்றத்தில் கால் சோராது. 1990களில் சைக்கிள் பந்தயம் முழுக்க இது ஓடியது. தடை இருந்தது, கண்டுபிடிக்கச் சோதனை இல்லை. அதனால் 1997இல் சர்வதேசச் சைக்கிள் சங்கம் ஒரு கோடு போட்டது: இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, அதாவது ஹீமாட்டோக்ரிட், 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு வாரம் ஓய்வு. தண்டனை என்று சொல்லவில்லை, உடல்நலப் பாதுகாப்பு என்றார்கள்.

நடந்தது என்ன? ஐம்பது என்பது எல்லாரும் போய்ச் சேர வேண்டிய ஊராகிவிட்டது. அறையிலேயே சின்ன சென்ட்ரிஃப்யூஜ் மெஷின். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் குழாயில் விட்டுச் சுற்றினால் எண் தெரிந்துவிடும். 51 காட்டினால் சலைன் ஏற்றி நீர்க்க வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவனுக்குப் பிறவியிலேயே 48. அவன் ஐம்பதுக்கு ஏறினால் கூடுவது நாலு சதவீதம். இன்னொருவனுக்கு 42. அவனுக்குக் கூடுவது பத்தொன்பது சதவீதம். ஒரே எல்லை, ஒரே மருந்து, பலன் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. நேற்றுவரை பின்னால் வந்தவன் இன்று முன்னால் போகிறான், உழைப்பு கூடியதால் இல்லை, இடம் மிச்சம் இருந்ததால். இதில் 'சமம்' எங்கே வந்தது?

மார்கோ பந்தானி 1999இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தை ஜெயித்த மாதிரிதான், முடிய இரண்டே நாள் பாக்கி. காலைச் சோதனையில் 52 காட்டியது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் முன்பு, 1998இல், ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட் கார் நிறைய மருந்தோடு பிரெஞ்சு எல்லையில் பிடிபட்டார். அப்போதும் அந்த ஐம்பது எல்லை அமலில்தான் இருந்தது. எல்லை வைத்தால் ஒளிக்க மாட்டார்கள் என்கிறவர்கள் அந்தக் காரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பந்தயம் யாருக்கும் யாருக்கும் இடையில் என்பதும் மாறிவிட்டது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பின்னால் மிக்கேலே ஃபெராரி என்ற டாக்டர் இருந்தார். அந்த மாதிரி டாக்டரை வைத்துக்கொள்ள வசதி உள்ளவன் ஜெயிப்பான். 1999 முதல் 2005 வரை ஆம்ஸ்ட்ராங் வாங்கிய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டத்தையும் 2012இல் பறித்தார்கள். அடுத்தவருக்குக் கொடுக்காமல் காலியாகவே விட்டுவிட்டார்கள். கொடுக்க ஆள் தேடியிருந்தால் பட்டியலில் எவ்வளவு கீழே இறங்க வேண்டியிருக்குமோ!

25 மே, அரைமணி கழித்து

ஈரோட்டு நண்பர் உடனே பின்லாந்தின் ஈரோ மாந்துராந்தாவைக் கொண்டுவந்துவிட்டார். 1964 இன்ஸ்ப்ரூக்கில் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். மரபணு மாற்றத்தால் அவருக்குப் பிறவியிலேயே சிவப்பணு மிக அதிகம். "இவருக்கு இயற்கை கொடுத்ததை மற்றவர்கள் ஊசியில் வாங்கினால் மட்டும் தப்பா?" என்கிறார்.

நல்ல கேள்வி. இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. உயரமானவன் கூடைப்பந்தில் ஜெயிக்கிறான், அதற்காகக் குள்ளமானவனுக்குக் கால் எலும்பை நீட்டும் ஆபரேஷனை நாம் கேட்பதில்லை என்று சொல்லலாம். ஆனால் அது பதில் மாதிரி இருக்கிறதே தவிர, பதிலா என்று தெரியவில்லை. வைத்துக்கொள்வோம்.

28 மே

'இரண்டு லீக் வைக்கலாமே, போட்டவர்களுக்கு ஒன்று, போடாதவர்களுக்கு ஒன்று.'

பவர்லிஃப்டிங்கில் இது வருடக்கணக்காக இருக்கிறது. சோதனை செய்யும் சங்கங்களும் உண்டு, செய்யாத சங்கங்களும் உண்டு. போட்டவர்கள் எல்லாரும் ஒழுங்காக அந்தப் பக்கம் போய்விட்டார்களா? இல்லை. சோதனை உள்ள பக்கத்திலும் மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள். காரணம் எளிது. அந்தப் பக்கம் போனால் தன்னைப் போலவே போட்ட நூறு பேரோடு மோத வேண்டும். இந்தப் பக்கம் பதக்கம் சுலபம், சான்றிதழுக்கும் மதிப்பு அதிகம்.

ஆணழகன் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, கிட்டத்தட்ட அனுமதித்த மாதிரிதான். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996இல் 31 வயதில் செத்தார். அமெரிக்காவின் டல்லஸ் மெக்கார்வர் 2017இல் 26 வயதில். உச்சத்தில் இருப்பவர்களுக்கு டாக்டர் கிடைக்க மாட்டாரா என்ன? எல்லை இல்லாத இடத்தில் 'போதும்' என்று சொல்ல டாக்டருக்கும் வாய் வராது, அடுத்த மேடையில் நிற்பவன் இன்னும் கொஞ்சம் போட்டிருப்பான் அல்லவா.

29 மே

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு வாடா என்று பெயர் இருந்தும் கூப்பிட்ட குரலுக்கு வரமாட்டேன் என்கிறார்களே என்று கேட்ட அண்ணனுக்கு: நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பெயர் நாடா. நாடினால் வருவார்கள்.

இழை வேறு பக்கம் போகிறது, மன்னிக்கவும். காபியும் ஊக்கமருந்துதானே என்ற கேள்விக்கு மட்டும் பதில்: காஃபீன் 2004 வரை தடைப் பட்டியலில்தான் இருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள். திறனைக் கூட்டும், உடலுக்குக் கேடு, விளையாட்டின் உணர்வுக்கு எதிரானது என்று மூன்று அளவுகோல். இதில் இரண்டு பொருந்தினால் பட்டியலில் சேர்க்கலாம். மூன்றாவது எனக்கும் வழுவழுவென்றுதான் படுகிறது. ஃபில்டர் காபி குடித்துவிட்டுத் தூக்குங்கள், ஒன்றும் ஆகாது.

2 ஜூன்

'வயது வந்தவர்கள், அவரவர் உடம்பு, அவரவர் முடிவு.' இதை நாலு பேர் எழுதிவிட்டார்கள். இதற்காகத்தான் இத்தனை நாள் இழுத்தேன்.

எங்கள் கூடத்தில் ஒரு மாஸ்டர் இருந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர். பையன்களுக்குச் சொந்தக் காசில் முட்டை வாங்கிக் கொடுப்பார். மாநிலப் போட்டி நெருங்கும்போது சிலரை மட்டும் தனியாகக் கூப்பிடுவார். மடித்த காகிதத்தில் ரோஸ் நிற மாத்திரை, அட்டை இருக்காது. "சத்து மாத்திரைடா, சாப்பாட்டுக்கு அப்புறம் போடு." அப்போது எங்களுக்குப் பதினாறு, பதினேழு வயது.

என் கூடவே பயிற்சி செய்தவன் ஒருத்தன் போட்டான். ஒரு மாதத்துக்குள் பனியனைக் கழற்றினால் முதுகு முழுக்கக் கொப்புளம். பசி தாங்காமல் என் டிபன் பாக்ஸையும் காலி பண்ணுவான். பிடி வழுக்காமலிருக்கச் சாக் பவுடரைக் கையில் அப்பிக்கொண்டு பாரைப் பிடிக்கும்போது கண் சிவந்திருக்கும், யாராவது சிரித்தால் அடிக்க வருவான். ஆனால் கிளீன் அண்ட் ஜெர்க்கில் எடை ஏறிக்கொண்டே போனது. நான் அதே எடையில் நின்று முழித்துக்கொண்டிருந்தேன்.

என்னையும் மாஸ்டர் கூப்பிட்டார். "டெஸ்ட் எடுப்பாங்களாமே மாஸ்டர், மாட்டினா வேலைக்கும் எழுதிப்போட முடியாதாமே" என்றேன். உண்மையில் எனக்கு டெஸ்ட் பற்றி ஒன்றும் தெரியாது, அண்ணன் மருந்துக்கடையில் வேலை செய்ததால் பயம் மட்டும் இருந்தது. மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார். அவ்வளவுதான்.

தடை இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "எனக்கு வேண்டாம் மாஸ்டர்" என்று சொல்ல அந்த வயதில் வாய் வந்திருக்குமா? முட்டை வாங்கிக் கொடுத்தவரிடம்? அனுமதி என்று வந்தால் அது முப்பது வயது சாம்பியனுக்கு மட்டும் கொடுக்கும் அனுமதி ஆகாது. அவரோடு மோத வேண்டிய இருபது வயதுக்காரனுக்கும், அவனோடு மோதப்போகும் பதினாறு வயதுக்காரனுக்கும் அது கட்டாயம். கீழே இறங்க இறங்க டாக்டர் காணாமல் போவார், காகிதத்தில் மடித்த மாத்திரைதான் மிச்சம்.

3 ஜூன்

"உங்கள் நண்பர் என்ன ஆனார்?" என்று கேட்டிருந்தார்கள். நன்றாக இருக்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, வீடு, பிள்ளைகள். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்காக நாலைந்து வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். அந்த மாத்திரையால்தானா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். நான் மாவட்ட அளவோடு நின்றுவிட்டேன். அவர் செய்தது முட்டாள்தனம் என்று இங்கே யாராவது எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

3 ஜூன், இரவு

'எங்கள் நாட்டில் டாக்டர் மேற்பார்வை ஒழுங்காக இருக்கும்' என்று ஜெர்மனியிலிருந்து எழுதும் நண்பரே, நீங்களா இதைச் சொல்வது? கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல் 'அரசுத் திட்டம் 14.25' என்றே நடத்தினார்களே. அரசு மருந்து நிறுவனம், அரசு டாக்டர்கள், ஆளுக்கு எத்தனை மில்லிகிராம் என்று பதிவேடு. அதைவிடவா மேற்பார்வை வேண்டும்? பள்ளிக்கூடச் சிறுமிகளுக்கு வைட்டமின் என்று சொல்லி ஓரல் டூரினபால் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். குண்டு எறிதலில் 1986 ஐரோப்பிய சாம்பியன் ஹைடி க்ரீகருக்கு ஆண் ஹார்மோன் அவ்வளவு ஏற்றினார்கள். பின்னாளில் ஆணாக மாறி ஆண்ட்ரியாஸ் க்ரீகர் ஆனார். தன் பாலினத்தைத் தானே கண்டுகொள்ளும் வாய்ப்பையே பறித்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய கோபம். 2000இல் பெர்லினில் வழக்கு நடந்தது. விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மன்ஃப்ரெட் எவால்டுக்கும் டாக்டர் மன்ஃப்ரெட் ஹோப்னருக்கும் தண்டனை என்னவோ வந்தது, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒருநாள்கூட உள்ளே போகவில்லை.

8 ஜூன்

தடைக்கு வக்காலத்து வாங்கியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் குத்தியிருக்கிறார். சரி, மறுபக்கமும் எனக்கு எரிச்சல் உண்டு.

2000 சிட்னி. ருமேனியாவின் ஆண்ட்ரியா ரதுகன், பதினாறு வயது ஜிம்னாஸ்ட். சளிக்கு அணி டாக்டர் கொடுத்த மாத்திரை. அதில் சூடோஎஃபெட்ரின் இருந்தது. தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கத்தைப் பறித்துவிட்டார்கள். அதே பொருள் பின்னர் பட்டியலிலிருந்தே சில வருடம் காணாமல் போனது. டென்னிஸில் சில மாதத்தில் முதலிடத்துக்கு வரவிருந்த யானிக் சின்னர் 2024 மார்ச்சில் குளோஸ்டபால் என்ற ஸ்டீராய்டில் மாட்டினார். உடற்பிடிப்பாளர் தன் கையில் பூசிய மருந்து இவர்மேல் ஒட்டிக்கொண்டது என்ற விளக்கத்தை ஏற்றார்கள், கடைசியில் இந்த வருடம் மூன்றே மாதத் தடை. விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். அதை நிரூபிக்க வக்கீலும் நிபுணரும் வைக்க முடிந்தது அவரால். எங்கள் கூடத்துப் பையன் மாட்டினால் யார் வருவார்?

2010இல் காமன்வெல்த்திலும் ஆசியப் போட்டியிலும் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிக் கொடுத்த நம் பெண்களில் சிலர் அடுத்த வருடம் மாட்டினார்கள். பயிற்சியாளர் உக்ரைன்காரர் யூரி ஒகரோட்னிக், அவர் கொடுத்த ஜின்செங் என்ற மூலிகைச் சத்தில்தான் மருந்து கலந்திருந்தது என்றார்கள். அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். ஓடிய பெண்களுக்குக் கடைசியில் இரண்டு வருடம் தடை. கொடுத்தவன் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டலாம், சாப்பிட்டவள் வீட்டில் உட்கார வேண்டும். இந்த இடத்தில்தான் சட்டம் மாற வேண்டும் என்பேன். பயிற்சியாளர் தண்டிக்கப்பட விதி இல்லாமல் இல்லை, அதைப் பிடித்து இழுக்கத்தான் ஆள் இல்லை.

9 ஜூன்

ஒரு விஷயத்தில் யோசனை மாறுகிறது. 2ஆம் தேதி எழுதியதில் சோதனை பயம் பையனைக் காப்பாற்றும் என்றேன். மருந்துக்கடை அண்ணன் ஒருவர் (என் அண்ணன் இல்லை, இழையில் எழுதுகிறவர்) டெல்லி கதையை ஞாபகப்படுத்தினார். 2023 செப்டம்பர், டெல்லி மாநிலத் தடகளப் போட்டி, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். நாடா ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஓட வந்தது ஒரே ஆள். மற்றவர்களுக்கெல்லாம் தசைப்பிடிப்பாம். ஜூனியர் ஸ்டீபிள்சேஸில் ஒரு பெண் முடிவுக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாராம், பின்னால் சோதனை அதிகாரி துரத்தல். கழிப்பறையில் ஊசிகள்.

2023 கணக்கில் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 3.8 சதவீதம் மருந்து. அந்த வருடம் ஆயிரக்கணக்கில் மாதிரி எடுத்த நாடுகளில் நாம்தான் முன்னணி. இதில் வாங்கிய தங்கத்தை யாரும் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டாம்.

ஆக, பயம் இருக்கிறது, பயந்து ஓடுகிறார்கள், ஆனால் ஊசிக்குப் பிறகுதான் பயம் வருகிறது. எனக்கு முன்னாடியே வந்தது அண்ணன் புண்ணியம். ஆனாலும் அந்த 100 மீட்டரில் ஒரு பையன் தனியாக வந்து ஓடினானே, அனுமதி இருந்திருந்தால் அவன் எட்டாவது வந்திருப்பானோ என்னவோ. அவன் பக்கம்தான் நான்.

10 ஜூன்

கொஞ்சம் சிரிப்போம். 2021 டோக்கியோவில் மீராபாய் சானு வெள்ளி வாங்கிய இரண்டு நாளில், தங்கம் வாங்கிய சீனாவின் ஹோ ஜிஹுயிக்கு மருந்துச் சோதனை, மீராபாய்க்குத் தங்கம் மாறப் போகிறது என்று செய்தி கிளம்பியது. எங்கள் பழைய கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். அது வழக்கமாக எல்லாருக்கும் எடுக்கும் சோதனை. ஒன்றும் நடக்கவில்லை. எதிராளி மருந்து போட்டிருக்க வேண்டும் என்று நாம் எவ்வளவு ஆசையாகக் காத்திருக்கிறோம்!

15 செப்டம்பர்

மூன்று மாதம் கழித்து இழை மறுபடி மேலே வந்திருக்கிறது. பாரீஸில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெள்ளி வாங்கிய பிரிட்டனின் பென் ப்ரவுட் வேகாஸ் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். கேள்வி கேட்ட தம்பி "பார்த்தீர்களா" என்கிறார்.

பார்த்தேன். ஒரு பந்தயத்தில் முதலிடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர். நீச்சலில் அந்தப் பணத்தை அவர் வேறு எங்கே பார்ப்பார்? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒலிம்பிக்கை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் நீந்துகிறவனுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அவர்களுக்குத்தான்.

ஆனால் இவர்கள் பெருமையாகக் காட்டிய சாதனையைப் பாருங்கள். கிரீஸின் கிறிஸ்டியன் கொலமேயவ் பிப்ரவரியில் 20.89 நொடியில் நீந்தி, 2009இல் சீசர் சியலோ வைத்த 20.91ஐத் தாண்டினார், பத்து லட்சம் டாலர் பரிசு. சியலோ நீந்தியது, நீரில் மிதக்க உதவும் பாலியூரித்தேன் உடை காலத்தில், 2010 முதல் அந்த உடைக்குத் தடை. கொலமேயவும் அதே ரக உடை போட்டுத்தான் நீந்தினார். மருந்தும் சேர்ந்து கிடைத்தது நொடியில் நூறில் இரண்டு பங்கு! ஏப்ரலில் சாதாரண நீச்சல் டிராயரோடு நீந்தியபோது 21.03.

இந்தப் போட்டியை நடத்தும் நிறுவனம் பொதுமக்களுக்கே மருந்து விற்கும் தொழிலையும் சேர்த்துத்தான் அறிவித்திருக்கிறது. போட்டி விளம்பரம், கடை வியாபாரம். நம் ஜிம் வாசல்வரை அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

17 செப்டம்பர்

இழைக்குச் சம்பந்தமில்லாமல் ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: பையன் மாவட்ட அளவில் நீந்துகிறான், ஆஸ்துமா இருக்கிறது, இன்ஹேலர் போடலாமா?

தாராளமாகப் போடலாம்மா. பயந்துகொண்டு நிறுத்திவிடாதீர்கள். சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு அளவோடு அனுமதி உண்டு: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த எட்டு மணி நேரத்திலும் 600ஐத் தாண்டக் கூடாது. ஒரு அழுத்துக்கு 100 என்றால் எட்டு மணி நேரத்தில் ஆறு அழுத்து. நெபுலைசரில் அளவு சட்டென்று கூடிவிடும், அதற்கு முன்அனுமதி வாங்குவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இன்ஹேலரைவிட இருமல் சிரப்பில் கவனம் வையுங்கள். நம்மூரில் விற்கும் பல சிரப்பில் டெர்பியூட்டலின் இருக்கிறது, அது தடை. கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா 2019இல் அதில்தான் எட்டு மாதம் உட்கார்ந்தார். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள், புரியாவிட்டால் லேபிளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், மருந்துக்கடை அண்ணன் பார்த்துச் சொல்வார்.